ஆயா பெயரில் ஒரு பெண்ணை மைதானத்துக்கு அனுப்ப: வேலூர்ப் பக்கத்து வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

ஆயா, அதாவது பாட்டி, காலமாகி வருஷத் திதி நெருங்கும்போது எல்லா வீட்டிலும் ஒரே பேச்சு எழும்: அவங்க பேர் சொல்ற மாதிரி ஏதாவது செய்யணும். அன்னதானம் போடலாம், கோயிலுக்கு மணி வாங்கித் தரலாம், பள்ளிக்கூடத்தில் ஒரு பரிசு வைக்கலாம். எல்லாமே நல்ல காரியம்தான். அதோடு வைத்து யோசிக்க இன்னொன்றையும் சொல்கிறேன். வசதியில்லாத வீட்டுப் பெண் பிள்ளைகள் விளையாட்டை விட்டுவிடாமல் தொடர உதவலாம். குடியாத்தம் பக்கத்தில் எங்கள் குடும்பம் ஆயா பெயரில் இதைத்தான் செய்துவருகிறது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக, நடைமுறையில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு நாள் போட்டி நடத்தி, கோப்பை கொடுத்து, ஃபிளக்ஸ் கட்ட ஆகும் பணத்தில் ஒரு பெண்ணை ஓரிரு வருஷம் மைதானத்துக்கு வரவழைக்க முடியும். ஏழாம் வகுப்பில் ஓடுகிற பெண்கள் எந்தப் பள்ளியிலும் நிறைய இருப்பார்கள். பத்தாம் வகுப்புக்கு வரும்போது விரல்விட்டு எண்ணிவிடலாம். திறமை குறைந்து யாரும் நிற்பதில்லை. வயசுக்கு வந்ததும் நின்றுபோகிறார்கள், பசியில் நின்றுபோகிறார்கள், பஸ் நேரம் ஒத்துவராமல் நின்றுபோகிறார்கள். நம் பணமும் நேரமும் போய்ச் சேர வேண்டிய இடம் இதுதான்.

முதலில் வீட்டுக்குள் பேசுங்கள்

எவ்வளவு பணம் என்பதற்கு முன்னால் எத்தனை வருஷம் என்று முடிவு செய்யுங்கள். மூன்று வருஷத்துக்குக் குறைவாக என்றால் தொடங்க வேண்டாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஷூ வாங்கிக் கொடுத்துவிட்டு ஒன்பதாம் வகுப்பில் காணாமல் போனால் அவள் மனசு என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள்.

நாங்கள் போடும் கணக்கு இது. வளர்கிற வயசு என்பதால் வருஷத்துக்கு இரண்டு ஜோடி ஷூ, 3,000 ரூபாய். பனியன், டிராக் பேண்ட் இரண்டு செட் 1,500. உள்ளாடை, நாப்கின் 1,000. பயிற்சி நாட்களில் முட்டை, சுண்டல், வாழைப்பழத்துக்கு நாளுக்கு 20 ரூபாய். மாதம் 22 நாள், பத்து மாதம் என்றால் 4,400. வெளியூர்ப் போட்டிக்குப் போய்வர, வழியில் சாப்பிட 2,500. ஆக, ஒரு பெண்ணுக்கு வருஷம் 12,000 முதல் 15,000 வரை ஆகும். விலைவாசி பார்த்து நீங்கள் மாற்றிக்கொள்ளலாம்.

பலர் வங்கியில் ஒரு லட்சம் டெபாசிட் போட்டு வட்டியில் நடத்தலாம் என்பார்கள். ஆறரை சதவீதம் என்று வைத்தாலும் 6,500 ரூபாய்தான் வரும், ஒரு பெண்ணின் பாதிச் செலவு. அதைவிட, பேரன் பேத்திகள் பத்துப் பேர் மாதம் ஆளுக்கு 500 போட்டால் வருஷத்துக்கு 60,000. நான்கைந்து பெண்களைத் தாங்கும். எங்கள் வீட்டில் சம்பளம் வந்ததும் ஒரு சித்தப்பாவின் கணக்குக்குப் போய்விடும். கணக்கை அவர் மாதக் கடைசியில் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போடுவார். முதல் வருஷம் இதற்கு மேல் எந்த அமைப்பும் தேவையில்லை. டிரஸ்ட் பதிவு, லெட்டர்பேட் என்றெல்லாம் இப்போதே இறங்காதீர்கள்.

பி.டி. ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்

எந்த விளையாட்டு என்பதை நீங்கள் வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது. உங்களுக்குக் கிரிக்கெட் பிடிக்கலாம். அந்தப் பள்ளியில் கோ-கோவுக்குத்தான் ஆசிரியரும் இடமும் இருக்கும். அருகிலுள்ள அரசுப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரை ஜூன் மாதம் பள்ளி திறந்த கையோடு பாருங்கள். மழைக்காலம் தொடங்குவதற்குள் பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்து ஆடும் குறுவட்டப் போட்டிகள் வந்துவிடும், அப்போது அவருக்குப் பேச நேரம் இருக்காது. தலைமை ஆசிரியரின் அனுமதி கட்டாயம். பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒருமுறை சொல்லிவிடுவதும் நல்லது. பெற்றோர்கள் அந்தக் குழுவில் இருக்கிறார்கள், நாளைக்குத் தப்பாக ஒரு பேச்சு வராது.

ஆசிரியரிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி பஸ் நேரம். அரசு நகரப் பேருந்துகளில் சாதாரணக் கட்டண வண்டியில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆகவே காசு பிரச்சினை இல்லை. ஆனால் ஒடுகத்தூர் பக்கமோ பேரணாம்பட்டு பக்கமோ உள்ளே இருக்கிற ஊர்களுக்குச் சாயங்காலம் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது. பயிற்சி ஆறரைக்கு முடிந்து பஸ் ஆறேகாலுக்குப் போய்விட்டால், அந்தப் பெண் இரண்டாம் வாரம் வர மாட்டாள். பயிற்சியைக் காலைக்கு மாற்ற முடியுமா, ஒரே ஊர்ப் பிள்ளைகள் மூன்று நான்கு பேரைச் சேர்த்து நம்பிக்கையான ஷேர் ஆட்டோ பேச முடியுமா என்பதை அப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய வட ஆற்காட்டு நினைப்பில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஆம்பூர், வாணியம்பாடிப் பிள்ளைகள் திருப்பத்தூர் மாவட்டத்துக்கும், ஆற்காடு, மேல்விஷாரத்துப் பிள்ளைகள் ராணிப்பேட்டை மாவட்டத்துக்கும் விளையாடுகிறார்கள். மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலரும் அந்தந்த மாவட்டத்துக்குத் தனி. எந்த அலுவலகத்துக்குப் போவது என்பதைப் பள்ளி இருக்கும் இடம் தீர்மானிக்கும்.

வேலூர் நகரத்தை ஒட்டி இருப்பவர்கள் பளுதூக்குதலையும் யோசியுங்கள். 2014 கிளாஸ்கோவிலும் 2018 கோல்ட் கோஸ்டிலும் காமன்வெல்த் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கம் சத்துவாச்சாரிக்காரர். அந்த ஊரில் இரும்பு தூக்குவது ஒரு பழக்கமாகவே இருக்கிறது. பெண் பிள்ளைக்கு ஏன் இது என்று கேட்கும் வீட்டில் அவர் பெயரைச் சொன்னால் பேச்சுக்கு ஒரு வழி திறக்கும். சாப்பாட்டுச் செலவு மட்டும் மற்ற விளையாட்டைவிடக் கூடுதல்.

பெண்களைத் தேர்ந்தெடுக்கும்போது வேகமாக ஓடுகிறவர்களை மட்டும் பார்க்காதீர்கள். பி.டி. ஆசிரியர், ஒரு வகுப்பாசிரியை, நீங்கள் என மூன்று பேர் உட்கார்ந்து, யார் நின்றுபோகக்கூடும் என்று பேசுங்கள். எல்லோரையும் வரிசையில் நிறுத்தி "யார் வீட்டில் கஷ்டம்?" என்று கேட்கவே கூடாது. வகுப்பாசிரியைக்குத் தெரியாத வீட்டு நிலைமை எதுவும் இல்லை. மாற்றுத்திறனாளிப் பெண்ணையும் விட்டுவிடாதீர்கள். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் பாட்மின்டனில் பதக்கம் வாங்கிய துளசிமதி, மனிஷா, நித்யஸ்ரீ மூவருமே தமிழ்நாட்டுப் பெண்கள்.

வீட்டுப் படி ஏறுவது

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். பணம் இருந்தும் பல முயற்சிகள் இங்கேதான் நின்றுபோகின்றன.

ஆண்கள் மட்டும் போகாதீர்கள். உங்கள் வீட்டில் வயசான ஒரு பெண்மணி, பெரியம்மாவோ அத்தையோ, கூட வரட்டும். ஷூ கம்பெனிக்குப் போகும் அம்மாக்கள் வேலை முடிந்து வீடு வந்து ஒரு வாய் டீ குடித்த பிறகு போங்கள். பீடி சுற்றுகிறவர்கள் என்றால் கட்டுகளைக் கணக்குக் கொடுத்துவிட்டு வந்த பிறகு. தட்டில் இலையோடு உட்கார்ந்திருக்கும்போது போனால் கை வேலையில் இருக்கும், பேச்சு ஓடாது.

நாங்கள் போன ஒரு வீட்டில் அம்மா கதவோரம் நின்றபடியே கேட்டார்: "வயசுக்கு வந்த பொண்ணுக்கா. டவுசர் போட்டுகினு ஓடுனா நாலு பேரு என்னா சொல்லுவாங்க?" என் பெரியம்மா வாக்குவாதம் செய்யவில்லை. "டவுசர் இல்ல, பேண்ட்டுதாம்மா. முழுக்கை பனியன். நானே எடுத்தாந்து காட்டறேன்" என்றார். அடுத்த கேள்வி, "இருட்டறதுக்குள்ள வூட்டுக்கு வந்துடுவாளா?" அதற்கு பஸ் நேரத்தோடு பதில் சொன்னோம். மூன்றாவது, "படிப்பு கெட்டுப்பூடாதா?" இந்த மூன்று கேள்வியும் எல்லா வீட்டிலும் வரும். உடுப்பை நேரில் காட்டி, மணியைச் சொல்லி, வகுப்பாசிரியையைப் பேச வைத்தால் பெரும்பாலான வீடுகள் சம்மதிக்கும். ஒலிம்பிக், இந்தியா என்று பெரிய பேச்சு வேண்டாம். அது அவர்களைப் பயமுறுத்தும்.

படிப்புப் பேச்சு வரும்போது சொல்ல உண்மையான விஷயங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் அரசு வேலைகளில் தகுதியுள்ள விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் இருக்கின்றன. கிடைத்துவிடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் முஸ்லிம் வீடுகளில் தலைத்துணி பற்றிக் கேட்பார்கள். கால்பந்தில் 2014 முதலும் கூடைப்பந்தில் 2017 முதலும் உலக அமைப்புகளே அதை அனுமதித்துவிட்டன. ஊசி குத்தாமல் தலையோடு ஒட்டி நிற்கும் துணியாக வாங்கிக் கொடுத்தால் விளையாடவும் வசதி. இதை அந்த வீட்டுப் பெண்களிடமே கேட்டுச் செய்யுங்கள்.

பணம் எங்கே போக வேண்டும்

முதல் செலவு கழிவறைத் தாழ்ப்பாள். சிரிக்க வேண்டாம், உண்மையாகத்தான் சொல்கிறேன். மைதானத்துக்குப் பக்கத்தில் தாழ்ப்பாள் போடக்கூடிய, தண்ணீர் வருகிற, உடை மாற்றக்கூடிய ஓர் அறை இல்லாவிட்டால் மாதத்தில் ஐந்து நாள் அந்தப் பெண் வர மாட்டாள். ஐந்து நாள் பத்தாகும். தாழ்ப்பாள், வாளி, மக், மூடியுள்ள குப்பைக் கூடை. ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். நாப்கின் அரசுப் பள்ளிகளில் இலவசமாகத் தருகிறார்கள். போதாமல் போகும் மாதத்துக்கு ஆசிரியையின் அலமாரியில் நான்கு பாக்கெட் கூடுதலாக இருக்கட்டும்.

அடுத்தது ஸ்போர்ட்ஸ் பிரா. நன்கொடை கொடுப்பவர்கள் யாரும் இதை நினைப்பதில்லை, பெண்ணும் வாய் திறந்து கேட்க மாட்டாள். ஓட்டத்தை நிறுத்தும் காரணங்களில் இது முக்கியமானது. ஓர் ஆசிரியையோ உங்கள் வீட்டுப் பெண்ணோ தனியாக அளவு எடுத்து, உறையில் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். மொத்தமாக ஒரே அளவில் வாங்காதீர்கள்.

சாப்பாட்டில் அரசுத் திட்டங்கள் எங்கே நிற்கின்றன என்று பார்த்துச் செலவு செய்யுங்கள். முதலமைச்சரின் காலை உணவு 1 முதல் 5ஆம் வகுப்பு வரை. மதியச் சத்துணவு, முட்டையோடு, 10ஆம் வகுப்பு வரை. ஆக, எட்டாம் வகுப்புப் பெண் காலைப் பயிற்சி முடித்துவிட்டு மதியம் வரை வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். பதினொன்றாம் வகுப்புப் பெண்ணுக்கு மதியமும் இல்லை. காலைப் பயிற்சி முடிந்ததும் அவித்த முட்டை இரண்டு, அல்லது ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு வாழைப்பழம். நம் ஊர் வேர்க்கடலையும் வெல்லமும் எந்த டப்பாப் பவுடருக்கும் குறைந்ததில்லை. கேழ்வரகுக் கூழை மோரோடு ஒரு சொம்பு கொடுத்தால் வெயிலுக்கும் நல்லது. பவுடர், மாத்திரை எதையும் டாக்டர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். சமைத்துத் தர பள்ளிக்குப் பக்கத்தில் ஓர் அம்மாவிடம் பேசி மாதக் கணக்கில் கொடுத்துவிடுங்கள், அவருக்கும் வருமானம்.

ஷூ வாங்குவதற்கு முன் ரத்தப் பரிசோதனை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. மூச்சு வாங்குகிறது, சோம்பேறி என்று திட்டு வாங்குகிற பெண்ணுக்கு ஹீமோகுளோபின் ஒன்பதாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்ப்பார்கள். முடிவை அம்மாவிடம் மட்டும் சொல்லுங்கள்.

ஷூ வாங்க பெண்ணையே கடைக்கு அழைத்துப் போங்கள், அம்மாவோடு. சாயங்காலம் போனால் கால் சற்று வீங்கியிருக்கும், அளவு சரியாக வரும். பெருவிரலுக்கு முன் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டு, கடைக்குள்ளேயே நான்கு எட்டு ஓட விட்டுப் பாருங்கள். ஸ்பைக்ஸ் மாவட்ட அளவுக்குப் போன பிறகு போதும். கபடி என்றால் ஊரில் மண்ணில் ஆடிவிட்டு மேல்நிலைப் போட்டியில் மேட் விரிப்பின் மேல் ஆட நேரும். போட்டிக்கு முன் சில நாளாவது மேட் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போக வண்டிக் காசு ஒதுக்குங்கள். மே மாதம் வேலூர் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும். காலை எட்டு மணிக்கு மேல் யாரையும் ஓட விடாதீர்கள்.

காகிதங்கள்

பள்ளிப் போட்டிகள் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரித்து நடக்கும்: குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம். வயது தெளிவாக இல்லாவிட்டால் ஜெயித்த பெண்ணையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு மூன்றிலும் பெயரும் இன்ஷியலும் தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று ஜூன் மாதமே பார்த்துத் திருத்தச் சொல்லுங்கள். கூலி வேலை செய்யும் அப்பா ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுத் தாலுகா அலுவலகம் போக வேண்டியிருக்கும். அந்தக் கூலியைக் கொடுப்பதும் விளையாட்டுக்கான உதவிதான். முதலமைச்சர் கோப்பைக்கு இணையத்தில் பதிவு செய்ய வேண்டும், உங்கள் வீட்டுக் கல்லூரிப் பிள்ளைகள் இதைச் செய்து கொடுக்கலாம். விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளுக்கு 7, 8, 9, 11ஆம் வகுப்புகளில் சேர்க்கை நடக்கும்; கோடை விடுமுறையை ஒட்டித் தேர்வு வரும் என்பதால் மார்ச்சிலிருந்தே விசாரித்துக்கொண்டிருங்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு ஃபைல். அசல் சான்றிதழ் வீட்டில், நகல் ஆசிரியரிடம்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்காதீர்கள்

வெளியூர்ப் போட்டிக்குப் பெண்கள் போகிறார்கள் என்றால் இரண்டு பெரிய பெண்கள் கூட இருக்க வேண்டும். ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால்கூட இன்னொருவர் இருப்பார். ஆண் யாராக இருந்தாலும், குடும்பத்து ஆளாக இருந்தாலும், ஒரு பெண்ணைத் தனியாக வண்டியில் ஏற்றிப் போகக் கூடாது. செய்தி எல்லாம் அம்மாவின் எண்ணுக்கு. பெண்ணுக்கு நேரடியாக மெசேஜ் கிடையாது. ஓய்வு பெற்ற ராணுவத்தினர் நம் பக்கத்தில் நிறைய. ஓட்டம் பழக்க ஆர்வமாக வருவார்கள், வரவேற்க வேண்டியதுதான், இதே விதிகளோடு. ஏதாவது தவறு நடந்ததாகத் தெரிந்தால் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் எவரானாலும் புகார் செய்தே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098ஐ முதல் நாளே பெண்களிடம் சொல்லி வையுங்கள்.

ஆயாவின் பெயர்

எங்கள் ஆயா பீடி சுற்றியவர். நொண்டியிலும் பாண்டியிலும் தெருவில் தன்னைப் பிடிக்க ஆளில்லை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். வயசுக்கு வந்த அன்றோடு எல்லாம் நின்றுபோனது. இதைப் புதிதாக வரும் பெண்களிடம் ஒருமுறை சொல்வோம். அவர் பெயர் பனியனின் இடது கையில் இரண்டு விரல் அகலத்தில் இருக்கும், அவ்வளவுதான். பெண்களை மேடையில் ஏற்றிக் காசோலையைப் பிடிக்க வைத்துப் படம் எடுப்பதில்லை. உதவி வாங்குகிறவள் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால் வகுப்பில் அவளுக்கு ஒரு பெயர் ஒட்டிவிடும். படம் எடுத்தே ஆக வேண்டும் என்றால் பெற்றோர் சம்மதத்தோடு, விளையாடும்போது எடுங்கள்.

திதி அன்று படையல் முடிந்ததும் பேரன் பேத்திகள் அந்த வருஷக் கணக்கை எடுத்துப் படிப்பது எங்கள் பழக்கம். ஆயாவுக்குக் கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும்.

வெளியார் பணம் வரும்போது

உறவைத் தாண்டி மற்றவர்களும் பணம் தரத் தொடங்கினால் அப்போது அறக்கட்டளைப் பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியுங்கள். பான் எண், வங்கிக் கணக்கு, பிறகு வருமான வரித் துறையில் அறக்கட்டளையின் வரிவிலக்குக்கும், பணம் தருபவரின் வரிச்சலுகைக்கும் பதிவுகள் (12ஏ, 80ஜி என்று சொல்லப்பட்டவை). இந்தப் பதிவுகள் இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தருபவருக்கு வரிச்சலுகை கிடைக்காது, பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான் அந்தச் சலுகையும். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட சொந்தக்காரர் அறக்கட்டளைக்கு அனுப்பும் பணத்தை, வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லாமல் தொடக் கூடாது. நல்ல ஆடிட்டர் ஒருவரிடம் காட்டிச் செய்யுங்கள்.

வெளியூரில் இருக்கிறீர்கள், நேரில் நின்று நடத்த ஆளில்லை என்றால் 2023இல் அரசு தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்குக் கொடுக்கலாம். நீங்கள் படித்த அரசுப் பள்ளிக்கே என்றால் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டத்தின் வழி கொடுக்கலாம்.

பத்தாம் வகுப்புக்குப் பிறகு

ஒரு பெண் தோற்றாலும் முட்டையை நிறுத்தாதீர்கள். அடிபட்டு ஆறு மாதம் உட்கார்ந்தாலும் நிறுத்தாதீர்கள். மூன்று வருஷம் என்று சொன்னது அதற்குத்தான்.

பத்தாவது முடிந்த கோடையில்தான் அதிகம் பேர் கைவிட்டுப் போகிறார்கள். ரிசல்ட் வருவதற்கு முன்பே வீட்டுக்குப் போய், பிளஸ் ஒன் எந்தப் பள்ளி, அங்கே பி.டி. ஆசிரியர் இருக்கிறாரா, போய்வர எவ்வளவு நேரம் என்று பேசிவிடுங்கள். கல்யாணப் பேச்சு காதில் விழுந்தால் பெரியம்மாவை அனுப்புங்கள். பதினெட்டு ஆகவில்லை என்றால் அது சட்டப்படி குற்றம் என்பதை நிதானமாகச் சொல்லலாம், கேட்காவிட்டால் 1098. பிளஸ் டூ எழுதும் பெண்ணுக்கு வேலூர் டி.கே.எம்., காட்பாடி ஆக்ஸிலியம் போன்ற பெண்கள் கல்லூரிகளில் விளையாட்டு வழியில் சேர்க்கை எப்படி என்று தேர்வு முடிந்த வாரமே நேரில் விசாரியுங்கள், ஃபைலோடு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் கல்லூரியில் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அதற்கான விண்ணப்பத்தைக் கல்லூரியிலேயே கேட்டு வாங்கி, அவள் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.